ஆல்கோ சத்தத்தை யார் பதிவுசெய்வது?

சென்னை–கும்பகோணம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மீன்சுருட்டியைத் தெரியும். ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை; எங்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. ரயிலைப் பார்க்க ஒரு பக்கம் சிதம்பரத்துக்கோ இன்னொரு பக்கம் அரியலூருக்கோ பஸ் ஏற வேண்டும். இந்த ஊரில் டிவி, மிக்சி, மொபைல் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் தெற்கு ரயில்வேக்கு என்ன யோசனை சொல்லிவிடப் போகிறான் என்று நினைக்கலாம். ஒன்றே ஒன்று இருக்கிறது. காலம் கடப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது மாடல் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தான். நிஜ இன்ஜினில் 87-ல் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அடியில் இருந்தது ஏதோ ஓர் அமெரிக்க மாடலின் மோட்டாரும் சக்கரமும். மேலே மாட்டியிருந்ததோ 3டி பிரிண்டரில் எடுத்த, நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் உடல். "மாமா, இதை டிஜிட்டலா மாத்தி சவுண்டு வச்சுக் கொடுங்க" என்றான். அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை. இப்போது திருச்சி, புதுச்சேரி ஆட்கள்கூட கூரியரில் இன்ஜின் அனுப்புகிறார்கள்.

பழைய முறை எளிது. தண்டவாளத்துக்குப் போகிற வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், துருவத்தை மாற்றினால் வண்டி பின்னால் போகும். ஆனால் ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். டிஜிட்டல் முறையில், அதாவது டிசிசியில், தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும்; கட்டளையும் அதே மின்சாரத்தில் துடிப்புகளாகப் போகும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1990-களில் இதற்குப் பொது விதி வகுத்தது. விதி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான், கடைப்பையன்கள் வாங்குகிற ஆர்டுயினோ மெகா போர்டில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, மோட்டார் போர்டு ஒன்றைச் சொருகி, மொபைலிலேயே இன்ஜினை ஓட்ட முடிகிறது.

உள்வேலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய மாடல்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். சேஸிஸுக்கோ ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் வரும். அதைப் பிரிக்காமல் டிகோடரை இணைத்தால் முதல் நொடியிலேயே புகைதான். மல்டிமீட்டரை பீப் வைக்கிற நிலையில் போட்டு, மோட்டாரின் இரண்டு முனைகளையும் சேஸிஸோடும் சக்கரங்களோடும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கும் பீப் வரக் கூடாது. பிறகு சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளையும் மஞ்சளும் முன்பின் விளக்குகளுக்கு, நீலம் விளக்குகளின் பொது பாசிட்டிவுக்கு. சால்டரிங் முடிந்ததும் வேகத்தை ஒழுங்கு செய்வேன். டிகோடரில் சிவி 3 என்கிற அமைப்பின் எண்ணைக் கூட்டி வைத்தால், கன்ட்ரோலைத் திருகியதும் வண்டி பாயாது. முதலில் இன்ஜின் உறுமும், கொஞ்சம் திணறும், அப்புறம்தான் சக்கரம் அசையும். சரக்கு வண்டி கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு நான் அலைவதில்லை. மொபைல் ரிப்பேர் கடையில் பழைய போன் ஸ்பீக்கருக்குப் பஞ்சமா? விரல் நகம் அளவு, பெரும்பாலும் எட்டு ஓம். காற்று கசியாதபடி பின்னால் சிறு பெட்டி கட்டவில்லை என்றால் முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வருவது தின்றுவிடும். டபிள்யூடிஎம்-2-வில் இருப்பது 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 2,600 குதிரைத் திறன் ஆல்கோ, ஓர் அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த டீசல் இன்ஜின். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 53 வெடிப்பு. அவ்வளவு அடியில் இருக்கிற ஒலியை நக அளவு ஸ்பீக்கர் கொடுக்கவே கொடுக்காது. அதன் மேல்வரிசை ஒலிகளைக் கேட்டுத்தான் நம் காது மீதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே மூலப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் டீ விற்கிற குரலோடு மொபைலில் எடுத்த வீடியோ இதற்கு உதவாது.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. சவுண்டு டிகோடர் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஆல்கோ சத்தம் கிடைக்கிறது. ஆனால் அது அமெரிக்காவில் ஓடும் ஆல்கோவில் எடுத்தது. இன்ஜின் ஒரே குடும்பம் என்பதால் உறுமல் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, மற்றது பொருந்துவதில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்து ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் மிக்சி வாங்க வந்தவர், மேஜையில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு நின்றார்.

"தம்பி, இன்ஜின் நம்முது. ஹாரன் எவனோடது?"

"அமெரிக்கா ஹாரன்ங்கய்யா. வேற கிடைக்கல."

"இது என்ன நடுவுல மணி அடிக்குது? நம்ம வண்டியில ஏது மணி?" என்றார். மிக்சிக்குப் பணம் கொடுக்கும்போதும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தண்டவாள அகலத்தில் நாங்கள் ஏற்கெனவே சமரசம் செய்துகொண்டவர்கள். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். உலகம் முழுக்கக் கிடைப்பது 16.5 என்பதால் அதிலேயே ஓட்டுகிறோம். கண் அதை மன்னித்துவிடுகிறது. காது மன்னிப்பதில்லை.

இதற்கு என்ன அவசரம்? அரியலூர் வழியாகப் போகும் விழுப்புரம்–திருச்சி கார்டு பாதையில் இப்போது மின்சார இன்ஜின்கள்தான் இழுக்கின்றன. சிதம்பரம் வழியாகப் போகும் மயிலாடுதுறை–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி 2010-ல் திறந்தது. அங்கே ஒய்டிஎம்-4 இன்ஜினின் ஆறு சிலிண்டர் தாளம் அதற்கு முன்பே நின்றுபோனது. ஆல்கோ இன்ஜின்களை 1964 முதல் கட்டிய வாராணசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸின் பெயரில் இருந்த 'டீசல்' 2020-ல் போய்விட்டது. அங்கே இப்போது மின்சார இன்ஜின் கட்டுகிறார்கள். மின்மயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் புகையைச் சுவாசித்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் ரயில்வேக்குப் பழசைக் காப்பாற்றத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலை பணிமனையில் நீராவி இன்ஜினைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகள் இன்ஜினைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஏறிப் போட்டோ எடுக்கிறார்கள். அது எப்படிக் கத்தும் என்று கேட்டால் அப்பா வாயாலேயே "கூ" என்கிறார். டீசல் இன்ஜினுக்கும் அதே "கூ"தான். இரும்புக்கு வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கலாம். ஒலிக்கு ஓடுகிற இன்ஜின் வேண்டும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். சவுண்டு டிகோடர் விலை எனக்கும் கண்ணைக் கட்டத்தான் செய்கிறது. ஆனால் பதிவு ஒன்று கையில் இருந்தால் அதை மாடல் ரயில்காரன் மட்டுமா எடுப்பான்? சினிமாவில் 1980-களின் ரயில்வே ஸ்டேஷன் வருகிறது, பின்னணியில் எந்த நாட்டு இன்ஜினோ ஓடுகிறது. அருங்காட்சியகத்தில் இன்ஜின் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கலாம். பள்ளிகளின் அடல் டிங்கரிங் லேப்களில் ஆர்டுயினோ இருக்கிறது. எல்இடியை மினுக்கிப் பார்த்து அலுத்த பிள்ளைகள் நம்ம ஊர் இன்ஜினை உறும வைக்கட்டும்.

செலவும் பெரிதல்ல. டீசல் ஷெட்களில் இன்ஜினைப் பழுது பார்த்தபின் லோட்பாக்ஸ் சோதனை செய்வார்கள். வண்டி நகராது, உற்பத்தியாகிற மின்சாரத்தை வெப்பமாகச் செலவழித்துக்கொண்டே முதல் நாட்ச், அதாவது முதல் விசைப் படியிலிருந்து எட்டாவது வரை இன்ஜினை முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. சக்கரச் சத்தம் இல்லை, பயணிகள் இல்லை. புகைபோக்கி அருகே ஒன்று, ரேடியேட்டர் ஃபேன் பக்கம் ஒன்று, கேபினுக்குள் ஒன்று என்று மைக் வைத்தால் போதும். ஸ்டார்ட் ஆவது, ஒவ்வொரு நாட்ச்சும் ஏறி இறங்குவது, கம்ப்ரசர், ஏர் விடுவது, இரண்டு ஹாரன்களும் தனித்தனியாக. அரை நாள் வேலை.

தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு என் வேண்டுகோள் இது: ஓடும் நிலையில் ஆல்கோ இன்ஜின் இருக்கிற ஏதாவது ஒரு ஷெட்டில், அடுத்த லோட்பாக்ஸ் சோதனையை ஒலிப்பதிவு செய்ய உத்தரவிடுங்கள். பதிவைச் சுருக்காமல், மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போடுங்கள். மைக் பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். மீன்சுருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன்.