ஏ.சி.யைத் திருப்பிப் போடுங்க பாஸ்!

மார்கழி மாசம் வெள்ளானூர் வந்து பாருங்க. விடியக்காலை அஞ்சரைக்கே எங்க வீட்டுக் கொல்லையில புகை மூட்டம். போகி எல்லாம் இல்லீங்க... எங்க ஆயா வெந்நீர் அடுப்புல தென்னமட்டையைச் செருகி ஊதிக்கிட்டு இருக்கும்! மூட்டுவலிக்கு வெந்நீர் வேணும். ஆனா, அந்தப் புகையில இருமியே பாதி உசுரு போயிடுது. 'கீசர் போடலாம்ப்பா'ன்னா, அப்பா கரன்ட் பில்லைக் காட்டி மிரட்டுறார்.

இந்த நேரத்துலதான் ஆஸ்லோவுல இருக்கற பெரியம்மா பொண்ணு வீடியோ கால்ல வந்தாங்க. பழைய மர வீடு. ஒரு காலத்துல எண்ணெய் எரிச்சு வீட்டைச் சூடாக்குவாங்களாம். இப்போ வெளிச்சுவர்ல ஏ.சி. மாதிரி ஒரு பெட்டி. 'கொட்டுற பனியில எதுக்குக்கா ஏ.சி.?'ன்னேன். 'லூசு, அது ஹீட் பம்ப்'னு சிரிச்சாங்க.

மேட்டர் என்னன்னா, கட்டடங்களைச் சூடாக்க பெட்ரோலிய எண்ணெயை எரிக்கக் கூடாதுன்னு நார்வே 2020-லயே தடை போட்டுடுச்சு. உலகத்துக்கே கச்சா எண்ணெய் விக்கற நாடு, சொந்த வீட்டுல எரிக்காதேங்குது. செம காமெடில்ல? ஆனா காரணம் இருக்கு. அங்க மின்சாரத்துல பெரும்பகுதி தண்ணியிலிருந்து வருது. அந்தக் கரன்ட்டுல ஓடுறதுதான் ஹீட் பம்ப்.

தத்துவம் சிம்பிள். ஏ.சி. ரூமுக்குள்ள இருக்கற சூட்டை அள்ளி வெளியே கொட்டுது. ஹீட் பம்ப் அதையே திருப்பிச் செய்யுது. சூட்டை உண்டாக்கறது இல்லை, இடம் மாத்துது. அவ்வளவுதான்! 1852-லயே கெல்வின் சொன்ன ஐடியா இது. 1938-ல ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தையே ஆத்துத் தண்ணியில இருக்கற சூட்டை எடுத்துச் சூடாக்கிட்டாங்க.

தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வெச்ச நானே பேப்பர் பேனாவோட உக்காந்துட்டேன். நூறு லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோக கீசருக்கு சுமார் 2.3 யூனிட். ஒரு பங்கு கரன்ட்டுக்கு மூணு பங்கு சூடு தர்ற ஹீட் பம்ப்புக்கு 0.8 யூனிட் போதும். ரெண்டு மாசத்துக்கு 140 எங்கே, 47 எங்கே! அதுவும் நம்ம ஊர்க் காத்து ஆஸ்லோ மாதிரி உறையாது. மெஷினுக்கு வேலை இன்னும் ஈஸி.

உடனே அப்பாகிட்ட ஓடினேன். விலையைக் கேட்டார். கீசரைவிடப் பல மடங்குன்னதும் பேப்பரை மடிச்சு என் பாக்கெட்லயே வெச்சுட்டார். நியாயம்தான். நாலு மாசக் குளிருக்கு, ஒரே ஒரு குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. வருஷம் முழுக்க வெந்நீர் காய்ச்சுற ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஹோட்டலுக்குத்தான் அது லாபம். ஹாஸ்டல் மக்களே, மினி பிராஜெக்ட் டாபிக் ரெடி!

சரி, ஆயாவுக்கு? மறுபடி கணக்குப் போட்டேன். ஆயாவுக்குத் தேவை ஒரே ஒரு பக்கெட். 20 லிட்டர். நாளைக்கு அரை யூனிட்கூட இல்லை. ரெண்டு மாசத்துக்கு 28 யூனிட். நாங்க எல்லாரும் பச்சைத் தண்ணியில குளிச்சுக்கறோம்னு சத்தியம் பண்ணினதும் அப்பா சரண்டர். சின்ன கீசர் வந்தாச்சு, புகை போயாச்சு.

ஹீட் பம்ப் கதையை ஆயாவுக்கும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஆயா விட்டுச்சு பாருங்க ஒரு டயலாக்...

'காத்துலேர்ந்து சூடு எடுக்கறானா? அந்த மெஷினைச் சித்திரையில நம்ம தெருவுக்குக் கொண்டாரச் சொல்லுடா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கட்டும்!'