இளவரசன் ஏன் வீட்டைவிட்டுப் போனான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முடித்து டி.வி. முன் உட்கார இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தது தூர்தர்ஷன். 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. 1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' வந்தது. இரண்டையும், இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல், ஒரு வாரம் விடாமல் பார்த்தவர் என் மாமியார். கும்பகோணத்துக்காரர். 2013 செப்டம்பரில் புத்தரின் கதை தொடராக வந்தபோது நாங்கள் தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்தோம். ஞாயிறு காலை 11 மணி ஆனால் மாமியார் எல்லோருக்கும் முன்பாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுவிடுவார்.

'புத்தா: ராஜாவோம் கா ராஜா' என்பது தொடரின் பெயர். தயாரித்தவர் தொழிலதிபர் பி.கே. மோடி. ஜீ டி.வி.யிலும் தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பானது. மொத்தம் 55 வாரங்கள். புத்தராக நடித்தவர் ஹிமான்ஷு சோனி. தொடங்குவதற்கு முன்பே சர்ச்சை வந்துவிட்டது. தொடரின் அறிமுகத்தின்போது நடிகர் கபீர் பேடி புத்தர் இந்தியாவில் பிறந்தார் என்று சொல்லப்போக, நேபாளம் கொந்தளித்தது. லும்பினி இருப்பது நேபாளத்தில். அங்குள்ள கேபிள்காரர்கள் ஜீ டி.வி.யையே நிறுத்தினார்கள். கபீர் பேடி மன்னிப்புக் கேட்டார்.

எங்கே பிறந்தார் என்பதற்கு இவ்வளவு சண்டை. எங்கள் வீட்டில் சண்டை வேறு ஒரு கேள்வியில் தொடங்கியது: அவர் ஏன் போனார்?

தொடர் அந்தக் கேள்விக்கு வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது. அரண்மனை என்றால் சூழ்ச்சி வேண்டும், சூழ்ச்சிக்கு ஒரு சித்தப்பா, ஒரு சித்தி, ஒரு தேவதத்தன் வேண்டும். 45 ஆண்டுகள் கால்நடையாக அலைந்து பேசிய மனிதரின் கதையில், பேச்சு தொடங்குவதற்கு முந்தைய 29 ஆண்டுகள்தான் சின்னத்திரைக்கு ருசிக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1925இல் ஹிமான்ஷு ராய் தானே கௌதமராக நடித்த 'பிரேம் சன்யாஸ்' என்ற மௌனப் படமும் அரண்மனையை விட்டு எளிதில் இறங்கவில்லை. நம் கவிமணி 'ஆசிய ஜோதி' எழுத எடுத்துக்கொண்ட எட்வின் ஆர்னால்டின் கவிதைதான் அந்தப் படத்துக்கும் மூலம்.

ஒருவழியாகத் தேர் புறப்பட்டது. இளவரசன் ஒரு கிழவரைப் பார்க்கிறான், ஒரு நோயாளியைப் பார்க்கிறான், ஒரு பிணத்தைப் பார்க்கிறான். கடைசியில் ஒரு துறவி. அன்று எதிர்வீட்டு நாக்பூர்க்காரர் குடும்பமும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவர்களுடைய பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, 29 வயது வரைக்கும் இவர் ஒரு கிழவரையும் பார்த்ததில்லையா? இவருடைய அப்பாவுக்கே தலை நரைத்திருக்கிறதே!"

பெரியவர்கள் சிரித்தோம். பதில் யாரிடமும் இல்லை.

அதற்குப் பின் வந்த ஒரு வாரத்தில் மாமியார் கோபித்துக்கொண்டார். நள்ளிரவு. மனைவியும் குழந்தையும் தூங்குகிறார்கள். கணவன் ஓசையில்லாமல் கிளம்பிவிட்டான். "சொல்லிக்காமப் போறவனை எப்படி பகவான்னு கும்பிடறது?" என்றார். அவருடைய அக்காவின் கணவர் ஒருநாள் அப்படிப் போனவர். அந்த வீட்டில் அதன் பிறகு எத்தனை பேர் அரை வயிற்றோடு படுத்தார்கள் என்ற கணக்கு அவரிடம் இருந்தது.

நாக்பூர்க்காரர் எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஒரு புத்தகத்தோடு திரும்பினார். அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டே படங்கள் உண்டு. ஒன்று புத்தர், மற்றொன்று அம்பேத்கர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். அவர் கொண்டுவந்தது 'புத்தரும் அவர் தம்மமும்'. அம்பேத்கர் தன் கடைசி ஆண்டுகளில், இதே தில்லியில், அலிப்பூர் ரோடு 26ஆம் எண் வீட்டில் உட்கார்ந்து பாடுபட்ட நூல். அச்சில் பார்க்க அவர் இல்லை. 1956 டிசம்பரில் காலமானார், நூல் 1957இல் வந்தது.

அந்தச் சிறுமியின் கேள்வியைத்தான் அம்பேத்கர் தன் முன்னுரையிலேயே கேட்கிறார். 29 வயதுவரை மூப்பும் நோயும் சாவும் கண்ணில் படாமல் ஒருவர் இருந்திருக்க முடியுமா? முடியாது என்று தள்ளிவிட்டு அவர் சொல்லும் காரணம் வேறு. சாக்கியர் நாட்டுக்கும் கோலியர் நாட்டுக்கும் நடுவே ரோகிணி நதி. வயலுக்கு யார் முதலில் தண்ணீர் எடுப்பது என்று தகராறு. சாக்கிய சங்கம் போர் என்று முடிவெடுக்கிறது. சித்தார்த்தன் எதிர்க்கிறான், வாக்கெடுப்பில் தோற்கிறான். தண்டனை தன் குடும்பத்தின் மேல் விழாதிருக்க, தானே நாட்டைவிட்டுப் போகிறேன் என்கிறான்.

"ரோகிணியா? நம்ம ரோகிணியா?" என்றாள் சிறுமி. தில்லிப் பிள்ளைகளுக்கு ரோகிணி என்றால் வடமேற்கே உள்ள குடியிருப்புதான்.

இதுவும் சரித்திரமாக நிரூபிக்கப்பட்டதல்ல. ரோகிணித் தகராறு பாலி உரைகளில் வருகிறது. ஆனால் ஞானம் பெற்ற பிறகு புத்தர் நடுவில் வந்து, தண்ணீரின் விலை பெரிதா மனித உயிரின் விலை பெரிதா என்று கேட்டு இரு படைகளையும் திருப்பி அனுப்பியதாக. நான்கு காட்சிகளின் நிலையும் அப்படித்தான். 'தீக நிகாய'த்தில் அந்தக் கதை விபஸ்ஸி என்ற முந்தைய புத்தரைப் பற்றியது. கௌதமருக்கு அது பின்னால் வந்து ஒட்டியது. 'மஜ்ஜிம நிகாய'த்தில் அவரே தன் வெளியேற்றத்தைச் சொல்லும் இடத்தில் நள்ளிரவு இல்லை, குதிரை இல்லை. பெற்றவர்கள் அழுதுகொண்டு நிற்க, அவர்கள் கண்ணெதிரே முடியை மழித்துக்கொண்டு போனதாகத்தான் இருக்கிறது. 'சுத்த நிபாத'த்தின் ஒரு பழைய பகுதியிலோ, தன்னை உலுக்கிய காட்சி எது என்று வருகிறது: வற்றிய நீரில் மீன்கள் துடிப்பதுபோல மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டதைக் கண்டு பயந்தாராம். அதில் கிழவரும் இல்லை, பிணமும் இல்லை.

மொழிபெயர்த்துப் பிழைக்கிறவளுக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. பாலியில் இந்த நிகழ்ச்சிக்கு 'அபிநிக்கமனம்' என்று பெயர். வெளியே போதல் என்று பொருள். நாம் 'துறவு' என்கிறோம். துறத்தல் என்றால் விட்டுவிடுதல். விட்டுவிட்டவனுக்கு எதைவிட்டான் என்பதே கதை. அரண்மனையை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அவன் உயர்வான். வெளியே போனவனைப் பார்த்தால் எங்கே போனான், யாரிடம் போனான் என்ற கேள்வி வரும். சின்னத்திரை எடுத்துக்கொண்டது முதல் சொல்லை. மணிமேகலை ஆசிரியர் சாத்தனாருக்கு இரண்டாவது தெரிந்திருந்தது. அவருடைய கதாநாயகி துறந்ததோடு நிற்கவில்லை. பாத்திரத்தை ஏந்திப் பசித்தவர்களிடம் போனாள், சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றவைத்தாள்.

அம்பேத்கரின் நூலில் யசோதரை தூங்கவில்லை என்பதையும் நாக்பூர்க்காரர் படித்துக் காட்டினார். கணவன் முன்னால் வந்து நின்று சொல்கிறான். அவள் அந்த முடிவை ஏற்கிறாள். ராகுலனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் நானும் வந்திருப்பேன் என்கிறாள். மாமியாருக்கு மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சொல்லிட்டுத்தான் போனானா? அப்ப சரி" என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் அன்று தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். மேல்மாடிக்காரர் குழாயில் மோட்டார் போட்டு இழுத்தால் கீழே காற்றுதான் வரும். கீழ்வீட்டுக்காரரும் ஒரு மோட்டார் வாங்கினார். பிறகு நாங்களும் வாங்கினோம். காவிரிக்காக 1991இல் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தியைப் படித்துப் பதறிய குடும்பம்தான் எங்களுடையது. அதே நாங்கள், ஒரு வாளித் தண்ணீருக்காகப் படிக்கட்டில் நின்று கத்தியிருக்கிறோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை படிக்கட்டுச் சுவரில் இந்தியில் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த வீடு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் மோட்டார் போடலாம் என்ற பட்டியல். முதல் வீடாகத் தன் வீட்டை எழுதிக்கொள்ளாமல் கடைசியில் எழுதியிருந்தார் நாக்பூர்க்காரர். பட்டியல் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு யாரோ விருந்தாளி வந்ததாகச் சொல்லி பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டினார்கள். மறுநாள் தாளைக் காணோம்.

அவர் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு தொடர் முடிந்ததும், மாமியார் போட்டுத் தந்த காபியைக் குடித்துவிட்டு, இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.