கிராம சபையை நிரப்புவோம், தோழர்களே!



அக்டோபர் 2 நெருங்குகிறது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்கும் நேரம் இது. ஒரு நாள் கூலி போனால் உலை ஏறாத வீடுகள் நம்முடையவை. அதை அறிந்துதான் அழைக்கிறோம். அன்றைக்கு யாரும் வயலில் இறங்காதீர்கள். கிராம சபைக்கு வாருங்கள்!

நம் ஊர் கிடக்கும் நிலையைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி கம்பீரமாக நிற்கிறது. நம் தெருக் குழாயிலோ உப்புத் தண்ணீர். தொகுப்பு வீடுகளின் கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அடைமழை இரவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுக்க வைக்கிறோம். பிரசவ வலி கண்ட பெண்ணை 108 வண்டி நிற்கும் தார்ச்சாலை வரை கட்டிலில் தூக்கிப் போகிறோம். செத்தால் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. நட்ட வயலில் சேறு மிதித்துப் பாடை சுமக்கிறோம். விளைந்த நெல்லோ கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்புகிறவர்கள், காயவைக்க ஒரு களமாவது கட்டித் தந்தார்களா?

தலையெழுத்து என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். பண்ணையார்களின் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும்கூட ஒரு காலத்தில் பண்ணையாளின் தலையெழுத்தாகத்தான் இருந்தன. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சைத் தரணிக்கு வந்து சேரி சேரியாகச் சங்கம் கட்டினார். ஆட்கள் சேர்ந்தார்கள், சவுக்கு ஓய்ந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பண்ணையார்களின் ஆட்கள் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அதற்குப் பிறகும் செங்கொடி இறங்கவில்லை. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்ற சட்டம் 1971-ல் வந்தது. இவற்றில் எதையும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. இனியும் சேர்ந்து நின்றுதான் பெற வேண்டும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் திருவாரூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கும் தலைவருக்கே பாதி காது கேட்பதில்லை. ஓட்டுக் கேட்டு வராத அதிகாரியின் காதில் விழ வேண்டுமானால் ஊரே சேர்ந்து பேச வேண்டும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதற்குக் கொடுத்த இடம்தான் கிராம சபை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் அந்தச் சபை செல்லும். அந்த 100 பேர் நாமாக இருக்க வேண்டும்!

இதுவரை நடந்தது என்ன? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அனுப்பிவிட்டார்கள். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொண்டார்கள். இனி அது நடக்கக் கூடாது.

தெருவுக்கு இருவராக இன்றே கிளம்புங்கள். கோரிக்கைகளைக் கேட்டு எழுதுங்கள்: குடிநீர், சுடுகாட்டுப் பாதை, வீடு பழுது, சாலை, நெற்களம். சபையில் ஒவ்வொன்றையும் ஒருவர் எழுந்து பேசட்டும். பெண்கள் முதலில் பேசட்டும். தீர்மானத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்காத நோட்டில் ஒரு கைநாட்டும் விழக் கூடாது! நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். தீர்மானம் கிடப்பில் கிடந்தால் ஒன்றிய அலுவலக வாசலில் உட்காருவோம்.

குடியானத் தெருச் சிறு விவசாயிகளே, நீங்களும் வாருங்கள். நனைவது உங்கள் நெல்லும்தான். உப்புக் கரிப்பது உங்கள் குழாயும்தான். தெருவுக்குத் தெரு நாம் பிரிந்து நிற்கும்வரை எந்தத் தெருவுக்கும் எதுவும் வராது.

அக்டோபர் 2, கிராம சபை. வீட்டுக்கு ஒருவரல்ல, ஓட்டுள்ள அத்தனை பேரும் வாருங்கள்!