போக்கிமான் பிடிக்கப் புறப்பட்ட அரசு

கைவிலங்கு மாட்டி இழுத்துச் செல்லப்படும் ஆட்கள். துப்பாக்கியோடு பாயும் அதிகாரிகள். பின்னணியில், தொண்ணூறுகளில் பிறந்த எந்த அமெரிக்கரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடிவிடக்கூடிய போக்கிமான் தொடக்கப் பாட்டு. இடையிடையே கார்ட்டூன் காட்சிகள். கைதானவர்களின் முகங்களும், அவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களும் பிள்ளைகள் சேர்த்துவைக்கும் போக்கிமான் சீட்டுகளைப் போலவே வடிவமைக்கப்பட்டு ஒவ்வொன்றாக வந்து போகின்றன. 2025 செப்டம்பரில் வெளியான இந்தக் காணொளி ஏதோ ஒரு விடலைப் பையனின் குறும்பு என்றால் விட்டுத்தள்ளலாம். வெளியிட்டது அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. செய்தவர்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர்கள்.

‘குற்றவாளிகளுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?’ என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அந்தச் சீட்டுகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கொடிய குற்றம் செய்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்களைக் கைது செய்வது ஓர் அரசின் வேலை. சேகரித்து அடுக்கிவைத்து ரசிப்பது அதன் வேலை அல்ல.

அமெரிக்க அரசியல்வாதிகளுக்கும் வீடியோ கேமுக்கும் அனிமேவுக்கும் உள்ள உறவு முப்பது ஆண்டுப் பழையது. முதலில் திட்டினார்கள். பிறகு ஓட்டுக்காகக் குழைந்தார்கள். இப்போது மூன்றாவது கட்டம் நடக்கிறது: தங்களுக்குப் பிடிக்காத மனிதர்களின் முகத்தில் அரக்க வேடம் மாட்டுவதற்கு இந்தக் கதைகளை இரவல் வாங்குகிறார்கள். இதில் இரவல் வாங்குவது தவறில்லை, வேடம்தான் தவறு.

இதற்கு வெள்ளோட்டம் பார்த்தவர் அரிசோனாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி எம்.பி. பால் கோசார். பல் மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமேவின் தொடக்கக் காட்சிகளை வெட்டி ஒட்டி, சுமார் ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்றை 2021 நவம்பரில் அவர் வெளியிட்டார். அந்தக் கதையில் டைட்டன் என்பது மதில்களுக்குள் அடைந்து வாழும் மனிதர்களைப் பிடித்துத் தின்னும் ராட்சதம். வீரர்கள் இடுப்பில் கட்டிய கம்பிக்கயிற்றில் பறந்துபோய்ப் பிடரியை வெட்டினால்தான் அது சாகும். கோசாரின் காணொளியில் பறக்கும் வீரர்களுக்கு அவர் முகமும் சகாக்களான மார்ஜொரி டெய்லர் கிரீன், லாரன் போபர்ட் முகங்களும். டைட்டனுக்கு, நியூயார்க் எம்.பி. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸின் முகம். கோசார் பறந்து வந்து பிடரியில் வெட்டுகிறார். அடுத்து இரண்டு வாளோடு அதிபர் பைடன் மீது பாய்கிறார். நடுநடுவே, எல்லையில் பிடிபடும் குடியேறிகளின் நிஜப் படங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையை முழுதாகப் பார்த்தவர் எவரும் இப்படி ஒரு காணொளியைச் செய்திருக்க மாட்டார். (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஹஜிமே இசயாமா 2009இல் தொடங்கி 2021இல் முடித்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, அதன் மூலம். பாதிக்குமேல் போனபிறகு அவர் உண்மையை உடைக்கிறார்: டைட்டன்கள் எல்லாம் மனிதர்கள். ஓர் இனத்தாரைத் தனிச் சேரியில் அடைத்து, கையில் பட்டை கட்டவைத்து, எதிர்த்துப் பேசினால் ஊசி போட்டு ராட்சதர்களாக்கித் தீவில் தள்ளிவிடுகிறது ஓர் அரசு. மதிலுக்குள் இருந்தவர்கள் இத்தனை காலம் வெட்டிக் கொன்றது தங்கள் இனத்தாரையே. எதிராளியை அரக்கனாகக் காட்டும் பிரச்சாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொன்ன கதையையே, எதிராளியை அரக்கியாகக் காட்டும் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார் ஒரு எம்.பி. கதையை அவர் அலுவலகத்தில் யாரும் கடைசிவரை பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சட்டை செய்யவில்லை.

‘வெறும் கார்ட்டூன்தானே, இதற்குப் போய் ஏன் பதற்றம்’ என்பதுதான் கோசார் தரப்பின் பதில். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்து பத்தே மாதம் ஆன நேரம் அது. 2021 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபை 223-207 வாக்குகளில் அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி, குழுப் பதவிகளையும் பறித்தது. அவர் கட்சியிலிருந்து ஆதரித்து வாக்களித்தவர்கள் லிஸ் செனி, ஆடம் கின்சிங்கர் என இரண்டே பேர். மறுநாளே ட்ரம்ப் கோசாருக்கு ஆதரவு அறிவித்தார். 2023இல் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு வந்ததும் குழுப் பதவிகள் திரும்பக் கிடைத்தன. நான்கே ஆண்டில், கண்டனத்துக்கு உள்ளான அதே உத்தி அரசுத் துறையின் விளம்பர பாணி ஆகிவிட்டது.

இதே அரசியல்வாதிகள்தான் வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று தொண்டை வறளக் கத்தியவர்கள். இதில் கட்சி பேதம் இல்லை. 1993 டிசம்பரில் செனட்டர் ஜோ லீபர்மன் ‘மார்ட்டல் காம்பாட்’ விளையாட்டை வைத்து விசாரணை நடத்தினார். அந்த மிரட்டலில்தான் மறு ஆண்டு வயதுத் தரச்சான்று முறை வந்தது. 2005இல் அதே லீபர்மனோடு சேர்ந்து, சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்றால் அபராதம் விதிக்க மசோதா கொண்டுவந்தவர் ஹிலாரி கிளின்டன். கலிஃபோர்னியா அப்படி ஒரு சட்டமே போட்டது. கையெழுத்திட்ட ஆளுநர், திரையில் துப்பாக்கி தூக்கியே பேர் வாங்கிய அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். 2011இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு கேமுக்கும் உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் பழமைவாத நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா.

ட்ரம்ப் விஷயத்துக்கு வருவோம். பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 2018 மார்ச்சில் கேம் நிறுவனத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ரத்தம் தெறிக்கும் கேம் காட்சிகளின் தொகுப்பை அவர்களுக்கே போட்டுக் காட்டினார். 2019 ஆகஸ்டில் எல் பாசோ, டேட்டன் படுகொலைகளுக்குப் பிறகும் பழி கேம்கள்மீது விழுந்தது. துப்பாக்கி விற்பனை பற்றிப் பேசாமல் தப்பிக்க வசதியான வழி. அதே ட்ரம்ப்பை, 2025 அக்டோபரில், ‘ஹேலோ’ விளையாட்டின் நாயகனான மாஸ்டர் சீஃப்பின் கவசத்தை மாட்டி சல்யூட் அடிக்கவைத்த ஏ.ஐ. படத்தை வெள்ளை மாளிகை வெளியிட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு படி மேலே போய், குடியேற்ற அமலாக்கப் படைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ஹேலோ படத்தைப் போட்டு, ‘ஃப்ளட்டை அழியுங்கள்’ என்று எழுதியது. ஹேலோ ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஃப்ளட் என்பது உயிர்களின் உடலுக்குள் புகுந்து உருக்குலைக்கும் வேற்றுக்கிரக ஒட்டுண்ணி. அங்கே அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஹேலோவை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்கஸ் லெட்டோ இதை அருவருப்பானது என்று கண்டித்தார். ஹேலோவுக்கு இன்று சொந்தக்காரரான மைக்ரோசாஃப்ட் வாய் திறக்கவில்லை.

கேம் ஆடும் இளைஞர் கூட்டம் ஓர் அரசியல் சக்தி என்று வலதுசாரிகளில் முதலில் மோப்பம் பிடித்தவர் ஸ்டீவ் பேனன். அவர் அதைக் கண்டுகொண்ட இடம் ஒரு தோற்றுப்போன வியாபாரம். ஹாங்காங்கில் இயங்கிய ஐ.ஜி.ஈ. என்ற நிறுவனம், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் தங்கத்தை நிஜ டாலருக்கு விற்றுவந்தது. சீனாவில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் ஷிப்ட் முறையில் கணினிமுன் உட்கார்ந்து, ஒரே அரக்கனைத் திரும்பத் திரும்பக் கொன்று தங்கம் சேர்ப்பார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். கோல்ட்மேன் சாக்ஸ் உள்ளிட்டோரிடமிருந்து 2006இல் 6 கோடி டாலர் முதலீடு திரட்ட உதவி உள்ளே வந்தார் பேனன். காசு கொடுத்து முன்னேறுகிறவர்களைக் கண்டு ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், வார்கிராஃப்ட் நிறுவனம் கணக்குகளை முடக்கியது, வழக்கும் வந்தது. வியாபாரம் படுத்தது. ஆனால், முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பையன்கள் ஒன்றுசேர்ந்து கோபப்பட்டால் என்ன நடக்கும் என்பதைப் பேனன் பார்த்துவிட்டார். 2012இல் பிரைட்பார்ட் செய்தி நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 2014இல் கேம் துறைப் பெண்கள்மீது கொலை மிரட்டலும் பாலியல் வசையுமாக ‘கேமர்கேட்’ வெடித்தபோது, அந்தக் கோபத்துக்கு நெய் வார்த்தது பிரைட்பார்ட். 2016 ஆகஸ்டில் பேனன் ட்ரம்ப்பின் பிரச்சாரத் தலைமைக்கு வந்தார்.

அதே கூட்டத்தைக் கவர ஜனநாயகக் கட்சி எடுத்த முயற்சிகளில் பாதி அசடு வழிந்தவை. வன்முறை கேமுக்கு எதிராக மசோதா கொண்டுவந்த ஹிலாரி, 2016 ஜூலையில் விர்ஜீனியா மேடை ஒன்றில் போக்கிமான் கோ பெயரை வாக்குச்சாவடியோடு முடிச்சுப்போட்டுச் சிலேடை விட்டார். இளைஞர்கள் இன்றுவரை அதைக் கிண்டலடிக்கிறார்கள். 2020இல் பைடனுக்காக ‘அனிமல் கிராஸிங்’ கேமுக்குள் ஒரு தீவே அமைத்தார்கள். யாருக்கும் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை.

விதிவிலக்கு ஒகாசியோ-கோர்டெஸ். அவர் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆடுகிறவர் என்பது முன்பே தெரிந்த சங்கதி. 2020 அக்டோபரில் பிரபல ஸ்ட்ரீமர்களோடும் சக எம்.பி. இல்ஹான் ஓமரோடும் ட்விட்ச் நேரலைத் தளத்தில் அவர் ‘அமங் அஸ்’ ஆடியபோது, ஒரே நேரத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். வேடம் கட்டாமல் ஆடினார், கூட்டம் தானாக வந்தது. அதைவிட முக்கியமான வேலையை அவர் அதே ஆண்டு ஜூலையில் செய்திருந்தார். ராணுவம் ட்விட்சில் கேம் ஆடிக்காட்டி ஆள் பிடித்துவந்த சமயம் அது. பரிசு தருவதாகக் காட்டிய இணைப்பை அமுக்கினால் ராணுவத்தில் சேரும் படிவம் திறந்தது; போர்க்குற்றம் பற்றிக் கேட்டவர்கள் தடுக்கப்பட்டார்கள். இப்படி ஆள் எடுக்கப் பணம் ஒதுக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம் 126-292 என்று தோற்றது. அப்போது சபையில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்குத்தான். அந்த வாக்குப்பதிவை வைத்துக்கொண்டு பார்த்தால், இன்றைய ஹேலோ விளம்பரத்தைத் திட்டும் ஜனநாயகக் கட்சியினரின் குரல் கொஞ்சம் கம்முகிறது.

அனிமே பக்கம் இன்னும் கசப்பான உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஏ.ஐ. மூலம் யார் வேண்டுமானாலும் ஜிப்லி பாணியில் படம் போடலாம் என்ற மோகம் பரவியபோது, கைவிலங்கோடு அழும் ஒரு பெண்ணின் படத்தை அந்தப் பாணியில் வரைந்து வெளியிட்டது வெள்ளை மாளிகை. ஜிப்லி ஸ்டுடியோவின் ஹயாவோ மியாசாகி யார்? ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்காக 2003 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தபோது வாங்கப் போகாதவர். இராக்மீது குண்டு போடும் நாட்டுக்குப் போக மனம் வரவில்லை என்று பின்னாளில் காரணம் சொன்னவர். அந்தக் கோபத்தின் சூட்டோடுதான் மறு ஆண்டு ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ வந்தது. மென்மைக்குப் பேர்போன அந்தக் கோடுகளை, ஒரு பெண் அழுவதைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டதை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லி நகர முடியாது.

மக்களும் இரவல் வாங்குகிறார்கள். ‘ஒன் பீஸ்’ அனிமேவின் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடி 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலும், செப்டம்பரில் நேபாளத்திலும் போராட்டக்காரர்கள் கையில் பறந்தது. அக்டோபரில் அமெரிக்காவில் ட்ரம்ப் எதிர்ப்புப் பேரணிகளிலும் தென்பட்டது. அந்தக் கொடியைப் பிடித்தவர்கள் தங்களைக் கதையின் நாயகர்களாகப் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம் இருக்கலாம். ஆனால் அதிகாரம் இல்லாதவர்கள் அதிகாரத்தைப் பார்த்துக் காட்டிய கொடி அது. அதிகாரத்தில் இருப்பவர்கள் கைவிலங்கில் இருப்பவர்களைப் பார்த்து போக்கிமான் பாட்டுப் பாடுவதோடு அதைச் சமமாக வைக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி நிறுவனங்களிடம்தான். போக்கிமான் காணொளி வந்தபோது, அதில் தங்களுக்குப் பங்கில்லை, அனுமதியும் தரவில்லை என்று ஓர் அறிக்கை விட்டு அந்நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. இந்த வட்டாரம் எப்போதும் இவ்வளவு பொறுமைசாலி அல்ல. ரசிகர்கள் ஒன்பது ஆண்டு உழைத்து இலவசமாக வெளியிட்ட ‘போக்கிமான் யுரேனியம்’ கேமை 2016இல் சில நாட்களிலேயே வக்கீல் நோட்டீஸ் விட்டு இறக்கவைத்தார்கள். ‘பால்வேர்ல்ட்’ தங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நின்டெண்டோவும் போக்கிமான் நிறுவனமும் 2024இல் டோக்கியோவில் வழக்குப் போட்டன. தன் பாடல்களைப் பிரச்சாரக் கூட்டத்தில் போட்டதற்காகப் பாடகர் நீல் யங் 2020இல் ட்ரம்ப் தரப்பின்மீது தனியாளாக வழக்குத் தொடுத்தார். ஒரு பாடகருக்கு இருந்த முதுகெலும்பு, உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த பொழுதுபோக்குப் பெயர்களில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

வருங்காலத்தில் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பது இன்னும் கடினம். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டம்பர் இறுதியில் ஒரு கூட்டணி அறிவித்தது. அதில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் இருக்கிறது. ட்ரம்ப்பின் மருமகன் ஜேரட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸும் இருக்கிறது. 2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸும் ஒகாசியோ-கோர்டெஸும் இளைஞர் ஓட்டுக்காக ட்விட்சில் உட்கார்ந்து ஆடிய மேடன் கால்பந்து கேம், அந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தயாரிப்புதான்.