பறையைப் பேடில் ஏற்றும் முன்

அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டங்களில் பாட வரும் இளைஞர் குழுக்களிடம் இப்போது பறையோடு மிடி கன்ட்ரோலரும் இருக்கிறது. பதினாறு ரப்பர் பேடு, நான்கைந்து திருகு, பக்கத்தில் ஒரு லேப்டாப். இதைப் பார்த்ததும் எங்கள் வட்டத்தில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "மெஷின் வந்தால் பறை செத்துவிடும்" என்பது ஒன்று. "பேடைத் தட்டினாலே பறைச் சத்தம் வருகிறது, எதற்கு ஐந்து பேரை வண்டி வைத்துக் கூட்டிவர வேண்டும்?" என்பது இன்னொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. கருவியை ஏன் தொடுகிறாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்பதில் அர்த்தமில்லை. அந்தக் கருவியில் யார் கையின் அடி ஏறியிருக்கிறது, அந்தக் கைக்கு என்ன கொடுத்தோம் என்றுதான் கேட்க வேண்டும். மேடைக்கான தயாரிப்பு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். மிடி கன்ட்ரோலருக்குள் ஒலி கிடையாது. நீங்கள் பேடை அடித்தால், எந்தச் சுரம், எவ்வளவு வேகமான அடி, எந்தச் சேனல் என்ற தகவலை மட்டும் அது லேப்டாப்புக்கு அனுப்பும். அடியின் வேகத்துக்கு 127 வரை எண், சேனலுக்கு 1 முதல் 16 வரை. அவ்வளவுதான். இந்த முறை 1983இல் வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கினார்கள். உரிமத் தொகை கேட்காமல் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆகவே மிடி எல்லோருக்கும் பொது. நாம் கேட்கும் சத்தமோ லேப்டாப்பில் சேமித்து வைத்த ஒலித்துண்டு. அது எங்கோ ஒருவர் உட்கார்ந்து வாசித்தது.

அந்த ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு 'ஆமென், பிரதர்' என்ற பாடலைப் பதிவு செய்தது. அதில் கறுப்பினக் கலைஞர் கிரிகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் இடம் சுமார் ஆறு நொடி. அந்த ஆறு நொடியை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாடல்களில் போட்டார்கள். கோல்மன் 2006இல் வீடற்றவராக, வறுமையில் இறந்தார். அந்த அடியை வைத்துச் சம்பாதித்தவர்களிடமிருந்து அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. ஒலித்துண்டை அடுக்கிப் பாட்டாக்கும் கலையை வளர்த்தவர்கள் ஏழைக் கறுப்பின இளைஞர்கள். அதே கலைக்குள் ஒரு கறுப்பினக் கலைஞரின் உழைப்பும் தொலைந்துபோனது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் ஊரில் இதோடு சாதியும் சேர்கிறது. பறை அடிப்பது சாவு வீட்டில் திணிக்கப்பட்ட வேலையாக இருந்தது. மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தவர்களும், இது என் கலை என்று மீண்டும் கையில் எடுத்தவர்களும் செய்தது போராட்டம்தான். தோலைக் காய்ச்சி அடிக்கும் மனிதரைத் தள்ளி வைத்த சமூகம், ஃபைலாக மாறிய அதே சத்தத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. தோலுக்குத் தீட்டு, ஃபைலுக்குத் தீட்டில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பவர்களையே பிரிக்கும் ஏற்பாடு என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். பறைக்காரருக்குக் கூலியும் லேப்டாப்காரருக்குக் கலைஞர் என்ற பெயரும் கிடைக்கும் மேடையில் அந்த ஏற்பாடுதான் நடக்கிறது. அது நம்முடைய மேடையாக இருந்தாலும் சரி.

சட்டமும் கொஞ்சம் கை கொடுக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வாத்தியக் கலைஞரை நிகழ்த்துநராக ஏற்கிறது. பிரிவு 38 அவருடைய உரிமைக்கு 50 ஆண்டு ஆயுள் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38ஏ, தன் வாசிப்பைப் பதிவு செய்யவும் பிரதி எடுக்கவும் அனுமதிக்கும் உரிமை அவருடையது என்கிறது. வாசித்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை 38பியில் இருக்கிறது. படிக்கிற தோழர்கள் இந்த மூன்று பிரிவுகளையும் நம் கலைஞர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் மேடைக்கு எப்படித் தயாராவது? எங்கள் யோசனை இது.

கடையில் கிடைக்கும் ஒலித்தொகுப்பைத் தேடாதீர்கள். உங்கள் ஊர்ப் பறைக் கலைஞரோடு ஒரு நாள் உட்காருங்கள். நன்றாகக் காய்ச்சிய பறையில் அடிக்குச்சியைத் தனியாக, சிம்புக்குச்சியைத் தனியாக, நடுவிலும் ஓரத்திலும் பதிவு செய்யுங்கள். மெல்ல, நடுவாக, ஓங்கி என்று ஒவ்வொன்றிலும் நான்கைந்து அடி எடுத்தால், பேடை அடிக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் வருவது தகர டப்பா சத்தம். ஃபைலுக்குக் கலைஞரின் பெயரையும் ஊரையும் வையுங்கள். எதற்குப் பயன்படுத்துவோம், இன்றைக்கு எவ்வளவு, பாட்டு பணம் தந்தால் பங்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மேடையில் பறைக்காரரும் இருக்கட்டும். பேடில் அவரால் தர முடியாததை வையுங்கள்: அடிநாதமான பேஸ், தெருவின் இரைச்சல், கூட்டத்தின் கோஷம். லேப்டாப்பின் க்ளிக் சத்தத்துக்குப் பறைக்காரரை அடிக்கச் சொல்லாதீர்கள். ஆட்டம் சூடேறினால் பறை வேகமெடுக்கும், அதுதான் அதன் உயிர். 'டேப் டெம்போ'வை ஒரு பேடுக்குக் கொடுத்து, அவர் அடியைக் கேட்டு நீங்கள் தட்டுங்கள். லேப்டாப் அவர் பின்னால் வரட்டும்.

மற்றவை எளிய வேலைகள்தான். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றிருந்தால் அதில் மட்டுமே 21 மில்லி செகண்ட் தாமதம். 128 ஆக்கினால் 3 மில்லி செகண்டுக்கும் கீழே வரும். லேப்டாப் திணறுகிறதா என்று ஒத்திகையிலேயே பாருங்கள். வைஃபை, நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் மூன்றையும் அணையுங்கள். யுஎஸ்பி கேபிள் இன்னொன்று வேண்டும். எல்லா ஒலியையும் ஒரே தட்டில் நிறுத்தும் பேடு ஒன்று கட்டாயம். ஜெனரேட்டர் நின்றுபோனால் என்ன செய்வது என்று யாரும் கவலைப்பட வேண்டாம், பறைக்குக் கரண்ட் தேவையில்லை.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் கிடாரும் சமமாக நிற்க முடியும் என்று அது காட்டியது. அடுத்த வேலை, லேப்டாப்புக்குப் பின்னால் நம் பெண்களும் பையன்களும் நிற்பது. பழைய கன்ட்ரோலர் ஒன்று ஒரு படிப்பகத்துக்குப் போதும். பறைக்காரரின் மகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள். அடுத்த மேடையில் அறிவிப்பாளர் கையில் கொடுக்கும் பட்டியலில், பேடுக்குள் யாருடைய அடி இருக்கிறதோ அவர் பெயர் முதலில் இருக்கட்டும்.