தமிழுக்கு மிச்சமாகும் இடம்

"படம் கீறி உழைக்க ஏலுமா மகள்?" சாதாரண தரத்துக்கு நான் சித்திரப் பாடத்தைத் தெரிவுசெய்தபோது வாப்பா கேட்ட கேள்வி இது. இன்று கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்தில் நான் ஆர்ட் டைரக்டர். கல்யாண வீடுகளில் இந்தப் பதவியைச் சொன்னால், "எந்தப் படத்துக்கு?" என்றுதான் இன்னும் கேட்கிறார்கள்.

இது சினிமா அல்ல. ஒரு சவர்க்காரத்துக்கோ வங்கிக்கோ விளம்பரம் செய்யும்போது வாசகத்தை ஒருவர் எழுதுவார். அது எந்தப் படத்தோடு, எந்த எழுத்தில், எவ்வளவு வெற்றிடம் விட்டு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் இன்னொருவர். அந்த இரண்டாமவர் நான். 1959இல் அமெரிக்காவில் தொடங்கிய வொக்ஸ்வேகன் கார் விளம்பரங்களை எங்கள் துறையில் அறியாதவர் இல்லை. அவற்றில் ஒன்றில் ஹெல்முட் குரோன் என்ற ஆர்ட் டைரக்டர் பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, காரை மிகச் சிறிதாக வைத்தார்.

நம் நாட்டில் அப்படியான இடம் தமிழுக்குக் கிடைப்பது அரிது. விளம்பரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யோசிக்கப்படுகிறது. தமிழ் கடைசி நாளில் மொழிபெயர்ப்பாக வந்து சேர்கிறது. நான்கு சொல் ஆங்கிலத் தலைப்பு தமிழில் நீண்டுவிடும். அதற்காக யாரும் படத்தை நகர்த்துவதில்லை, எழுத்தைத்தான் சிறிதாக்குகிறார்கள். வடிவமைப்பு மென்பொருளில் உரிய அமைப்பை மாற்றாவிட்டால் யுனிகோட் தமிழ் குலைந்து, எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். பாமினியில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கிறுக்கலை எவரும் கண்டுபிடிப்பார். இடம் மாறிய கொம்பைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தான் காண்பார்.

தெரிந்தவரும் கவனிக்காமல் விடலாம். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு துணிக்கடையின் மலிவு விற்பனைப் பதாகை. இரவு பத்து மணிக்கு மெய்ப்பு என் கைபேசிக்கு வந்தது. மகளுக்குக் காய்ச்சல். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரி" என்று அனுப்பினேன். இரண்டு நாளின் பின் வாப்பா பஸ்ஸில் வரும்போது அதைக் கண்டிருக்கிறார். "அறை விலை எண்டு போட்டிருக்கே மகள், ரூம் வாடகைக்கு விடுறாங்களா?" அரை விலை அறை விலையாகி வீதியோரம் நின்றது. அந்த அலுவலகத்தில் எவருக்கும் அது பெரிய விடயமாகப் படவில்லை. சிங்களத்தில் அப்படியொரு பிழை போயிருந்தால் அன்றே பதாகை இறங்கியிருக்கும்.

பெற்றோர் இரவு வேலையைச் சொல்லித் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டி நடக்கும் நாட்களில் இஷா தாண்டியும் மேசையில்தான் இருப்பேன். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக அங்கேயே நோன்பு திறந்த நாட்களும் உண்டு. உம்மா எங்களோடு இருப்பதால் மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். கணவர் சமைக்கப் பழகியதற்குக் காரணம் என் சாமர்த்தியமல்ல, பசி. ஆனால் மகள் தாதியாகவோ டொக்டராகவோ இரவுக் கடமைக்குப் போனால் பெருமைப்படும் நாம், இங்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? நேரத்தைப் பேசித் திருத்தலாம். இப்போதைய இடத்தில் மாலை ஆறு மணிக்குப் பின் வரும் தமிழ் மெய்ப்பில் நான் கையெழுத்திடுவதில்லை. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது தமிழ் நாலு மணிக்கே வருகிறது.

அந்த மேசையில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்திதான். லீவு எடுத்தால் பார்க்க ஆளில்லை. சித்திரமும் தமிழும் ஒருசேரக் கைவந்த பிள்ளைகள் நம் கல்லூரியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சித்திரம் வேண்டாம் என்று அவர்களைத் தடுக்காதீர்கள்.

போன மாதம் வாப்பா என் மகளுக்கு ஒரு பெட்டி பஸ்டல் வாங்கி வந்தார். அவள் கீறிய பூனைக்குக் கீழே 'பூணை' என்று எழுதியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருத்தியவரும் அவர்தான்.