சிறுதெய்வம் என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூட்டம். வேப்பமரத்தடியில் மூன்று கல், நாலு வேல், காரை பெயர்ந்த ஒரு குதிரை. அவ்வளவுதான் எங்கள் கருப்பராயன். தலைக்கட்டு வரி போட்டுத் திருப்பணி செய்யலாம் என்று பேச்சு. நல்லதுதான். ஆனால் ஒரு தம்பி எழுந்து, "எத்தனை நாளைக்குங்க பெரியப்பா இந்தச் சிறுதெய்வத்தையே கும்பிடறது? கல்லை எடுத்துட்டு நல்ல சிலையா வெச்சு, பேரையும் மாத்தி, கெடா வெட்டையும் நிறுத்திட்டா நாலு பேரு மதிப்பாங்க" என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்தச் 'சிறு' எங்கிருந்து வந்தது? சொல் பழசுதான். 7-ம் நூற்றாண்டில் அப்பரே பாடியிருக்கிறார். அது சிவனைத் தவிர வேறு நினைப்பில்லாத ஒரு அடியாரின் சொல். ஆனால் படித்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1871-ல் இங்கிலாந்தின் எட்வர்ட் டைலர், கல்லிலும் மரத்திலும் ஆவி உண்டு என்ற நம்பிக்கைக்கு 'அனிமிசம்' என்று பெயர் வைத்தார். மதத்தை ஏணியாகப் பார்த்தவர் அவர். இது அடிப்படி, ஒரே கடவுள் மேல்படி. அந்த ஏணியை மதங்களை ஆராய்பவர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நாம்தான் இன்னும் பிடித்துத் தொங்குகிறோம்.

பின்னால் ராபர்ட் ரெட்ஃபீல்ட் 'பெருமரபு, சிறுமரபு' என்று பிரித்தார். அது மதிப்பெண் அல்ல. ஒன்று நூலிலும் பள்ளியிலும் பெருங்கோயிலிலும் வளர்வது. மற்றது ஊர் ஜனங்களின் வாயிலும் கையிலும் வளர்வது. இரண்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளும். எம்.என்.சீனிவாஸ் 1952-ல் குடகு மக்களைப் பற்றி எழுதியபோது, சமூகத்தில் உயர்வதற்காக மேல்சாதியின் வழக்கங்களை எடுத்துக்கொள்வதை 'சமஸ்கிருதமயமாக்கம்' என்றார். "நாலு பேரு மதிப்பாங்க" என்று எங்கள் தம்பி சொன்னது அதைத்தான்!

நம் கல் ஒன்றும் சிறிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் தேடுவது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை சொல்கிறது. நம் அண்ணன்மார் சாமிகளும் வாழ்ந்து, போரிட்டு, மடிந்து தெய்வமானவர்கள்தானே? அவர்கள் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1960-களில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி அதைப் பதிவு செய்தார், புத்தகமாகவும் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்மணி உட்கார்ந்து கேட்டதை நம் பிள்ளைகள் கேட்கவில்லை.

கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021-ல் இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. ஊர் பட்ட துயரத்தை ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழி அது. பிளேக்கில் செத்தவர்களை இந்த ஊர் இன்னும் மறக்காததற்கு அந்த அம்மன்தான் காரணம்.

கெடா வெட்டு விஷயம். உயிர்ப்பலியைத் தடுக்க 1950-லேயே சட்டம் வந்தது. 2003-ல் அரசு அதைக் கறாராக அமல்படுத்தப் போய், எதிர்ப்பு கிளம்பி, 2004-ல் சட்டமே ரத்தானது. பங்காளிகளுக்கு மனசாட்சி உறுத்தினால் நிறுத்தட்டும், அது நியாயம். அடுத்தவன் மதிக்க வேண்டுமே என்று நிறுத்த வேண்டாம்.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. சாதியைச் சொல்லிச் சிலரை எட்ட நிறுத்தும் வழக்கம் நம் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் இருக்கிறது. மாற்றவேண்டும் என்றால் முதலில் அதை மாற்றுவோம். அதைப் பற்றி அன்றைய கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவுதான். கூரை போடுங்கள், தண்ணீர் வசதி செய்யுங்கள், வருகிறவர் யாராயிருந்தாலும் கிட்டே வரட்டும். அந்த மூன்று கல்லும், கருப்பராயன் என்ற பெயரும், தலைமுறையாகப் பூசை செய்யும் பண்டாரமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் குலதெய்வத்தின் பெயரையும், உங்கள் அம்மிச்சி சொன்ன கதையையும் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இதுதான் இந்த வாரத்து வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
போத்தனூர்.